எந்த வளையத்தைப் போடுவது? பைரசோலின், குயினசோலின், பிஜினெல்லி: ஓர் ஒப்பீடு

சென்ற மாதம் ஜூனியர் ஒருவர் வாட்ஸ்அப்பில் மூன்று மூலக்கூறுப் படம் அனுப்பினார். பிஎச்.டி. பதிவு செய்து நான்கு மாதம் ஆகிறது. "அண்ணா, கைடு மூணுல ஒண்ணை எடுத்துக்கச் சொல்லிட்டார். எதை எடுத்தா பேப்பர் சீக்கிரம் வரும்?" முதலாவது, சால்கோனிலிருந்து செய்யும் பைரசோலின். இரண்டாவது, 4-அனிலினோகுயினசோலின். மூன்றாவது, பிஜினெல்லி வினையில் கிடைக்கும் டைஹைட்ரோபிரிமிடின். மூன்றும் நைட்ரஜன் உள்ள பல்லின வளையச் சேர்மங்கள், அதாவது வளையத்தில் கார்பனோடு வேறு அணுவும் உள்ளவை. மூன்றின் தலைப்பிலும் "புற்றுநோய்க்கு எதிரான" என்ற சொல் முன்கூட்டியே ஒட்டப்பட்டிருந்தது.

எதில் பேப்பர் சீக்கிரம் வரும் என்று கேட்டால் பைரசோலின்தான், சந்தேகமே இல்லை. "ஏம்மா, நாலு வருஷம் கழிச்சு வைவாவுல உன்கிட்ட என்ன கேப்பாங்கன்னு யோசிச்சியா?" என்று போனில் ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரம் போய்விட்டது. வருடத்துக்கு ஒருவராவது இதே கேள்வியோடு வருகிறார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

நம் துறைகளில் வேலை நடக்கும் வரிசை எல்லாருக்கும் தெரிந்ததுதான். முதலில் வளையம். பிறகு அதில் மெத்தில், மீத்தாக்சி, குளோரோ, நைட்ரோ என்று மாற்றி மாற்றிப் பதினைந்து இருபது சேர்மம். என்எம்ஆர், மாஸ், உருகுநிலை. கடைசி வருடத்தில் தெரிந்தவர் யாரையாவது பிடித்து ஓர் எம்டிடி சோதனை, சேர்மம் கொடுத்த செல் பிழைத்திருக்கிறதா என்று நிறத்தை வைத்துப் பார்ப்பது. எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்லில் ஒரு ஐசி50 எண் (பாதியளவு தடுக்கத் தேவையான செறிவு; எண் குறைந்தால் வீரியம் அதிகம்) வந்ததும், அதற்குத் தோதாக ஒரு புரதத்தைத் தேடி, அதன் குழியில் சேர்மத்தைக் கணினியில் பொருத்திக் காட்டும் டாக்கிங் படம். மாப்பிள்ளை பார்க்காமல் மண்டபம் பிடிப்பது மாதிரி. நான் சொல்வது தலைகீழ் வரிசை. உங்களுக்கு எட்டுகிற தூரத்தில் என்ன சோதனை இருக்கிறது, அது உங்கள் யோசனை தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடியதா என்று முதலில் பாருங்கள். எந்த வளையம் என்பது அதற்கப்புறம்.

பல்லின வளையம் எதற்கு என்ற கேள்விக்கு நான் அதிக நேரம் செலவழிக்கப் போவதில்லை. அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிறு மூலக்கூறு மருந்துகளில் 59 சதவீதத்தில் நைட்ரஜன் வளையம் இருப்பதாக 2014இல் ஒரு கணக்கெடுப்பு வந்தது. காரணம் எளிது. டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளும் பல்லின வளையங்கள். செல்லுக்குச் சக்தி தரும் ஏடிபியின் தலையில் உட்கார்ந்திருக்கும் அடினினும் அப்படியே. செல் ஏற்கெனவே பேசும் மொழியில் பொய் சொல்ல வேண்டுமென்றால் அதே எழுத்துகளைத்தான் பயன்படுத்த வேண்டும். 1953இல் அனுமதி பெற்ற 6-மெர்கேப்டோபியூரினும், 1957இல் வெளிவந்த 5-ஃபுளூரோயுராசிலும் செய்தது அதுதான்.

முதலில் பைரசோலின்

அசிட்டோஃபீனோனையும் பென்சால்டிஹைடையும் எத்தனாலில் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு, கலக்க வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். மறுநாள் காலை பிளாஸ்க்கில் மஞ்சள் திண்மம் இறங்கியிருக்கும். அது சால்கோன். அதோடு ஹைட்ரசீன் ஹைட்ரேட்டோ ஃபினைல்ஹைட்ரசீனோ சேர்த்து ரிஃப்ளக்ஸ் வைத்தால் பைரசோலின். விலை உயர்ந்த வினையூக்கி எதுவும் வேண்டாம். "காலம் ஓட்டத் தேவையில்லை, எத்தனாலில் மறுபடிகமாக்கினால் போதும்" என்று சீனியர்கள் சொல்வார்கள் (காலம் என்பது column, கலவையைக் குழாய் வழியாக ஓட்டிப் பிரித்துச் சுத்தம் செய்வது).

அந்தப் "போதும்"தான் என்னைக் கவிழ்த்தது. என்னுடைய பிஎச்.டி. காலத்தில் நான் செய்த பைரசோலின்களில் ஒன்று, டிரைமீத்தாக்சிஃபினைல் தாங்கியது, எம்சிஎஃப்-7இல் 8 மைக்ரோமோலார் ஐசி50 கொடுத்தது. மற்றதெல்லாம் 50க்கு மேல். அதை வைத்து ஒரு பேப்பரின் முன்னுரையே மனதில் எழுதி முடித்துவிட்டேன். இரண்டாவது தடவை அதே சேர்மத்தைச் செய்து, பொழுது போகாமல் காலம் ஓட்டிச் சுத்தம் செய்து அனுப்பினேன். ஐசி50 60ஐத் தாண்டிவிட்டது. பழைய என்எம்ஆரை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். 3.1, 3.8, 5.3 பக்கத்தில் பைரசோலினுக்கே உரிய மூன்று இரட்டை இரட்டை முனைகள் அழகாக இருந்தன. அவற்றை மட்டும்தான் முதல் தடவை பார்த்திருந்தேன். 7.5க்கு மேலே, அரோமேட்டிக் கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டு, 16 ஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டு சின்ன முனைகள். வினைபுரியாமல் தங்கிவிட்ட சால்கோன், நூற்றுக்கு ஐந்தாறு பங்கு. செல்லைக் கொன்றது அதுதான். டிரைமீத்தாக்சி சால்கோன்களில் சில ஒரு மைக்ரோமோலாருக்குக் கீழேயே செல்லைச் சாய்த்துவிடும். ஐந்து சதவீதம் கலந்திருந்தால் அந்த 8 எப்படி வந்தது என்று கணக்கு சரியாகவே பொருந்துகிறது.

அந்தச் சால்கோன் ஏன் அவ்வளவு வீரியம் என்பதில் நம் ஊர் சம்பந்தம் ஒன்று இருக்கிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பயிரிடுகிறார்களே, அந்தச் செங்காந்தளின் விதையிலிருந்து எடுப்பது கோல்ச்சிசின். செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் நுண்குழல்கள் டியூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. கோல்ச்சிசின் அந்த டியூபுலினில் ஒரு பள்ளத்தில் போய் அடைத்துக்கொள்ளும். அந்தப் பள்ளத்துக்குப் பிடித்தது மூன்று மீத்தாக்சி வரிசையாக உள்ள பென்சீன் வளையம். கோல்ச்சிசினைப் புற்றுநோய்க்குக் கொடுக்க முடியாது. மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஆனால் டிரைமீத்தாக்சிஃபினைல் உள்ள சால்கோன்களும், அவற்றிலிருந்து வரும் சில பைரசோலின்களும் அதே பள்ளத்துக்குள் போகும்.

ஆகவே பைரசோலின் எடுக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். எடுத்தால் இந்த வழியில் எடுங்கள்: டியூபுலின்தான் இலக்கு என்று முதல் நாளே எழுதி வைத்துவிட்டு, ஒவ்வொரு சேர்மத்தையும் எச்பிஎல்சி என்ற, தூய்மையை அளக்கும் கருவியில் 95 சதவீதத் தூய்மைக்கு மேல் கொண்டுவந்து, மூலச் சால்கோனையும் பக்கத்திலேயே சோதித்துப் பார்ப்பது. அந்த மூன்றும் முடியாது என்றால், பைரசோலினில் கிடைக்கும் ஐசி50 எதைப் பற்றியும் எதுவும் சொல்லாது. நூற்றுக்கணக்கான பேப்பர்களின் அட்டவணைகளுக்குப் பக்கத்தில் இன்னோர் அட்டவணை, அவ்வளவுதான்.

குயினசோலின்: பாதை போட்டாகிவிட்டது

இதுதான் மூன்றில் கௌரவமான தெரிவு போலத் தெரியும். ஜெஃபிடினிப், எர்லோடினிப், லாபாடினிப், அஃபாடினிப் என்று அனுமதி பெற்ற மருந்துகளே இந்தக் குடும்பத்தில் வரிசையாக இருக்கின்றன. இவை செல்லை வளரச் சொல்லும் இஜிஎஃப்ஆர் என்ற ஏற்பியின் கைனேஸ் பகுதியில் (ஏடிபியிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து ஒட்டும் நொதிப் பகுதி), ஏடிபி உட்கார வேண்டிய இடத்தில் உட்காருகின்றன. குயினசோலினின் 1ஆம் நைட்ரஜன், மெத்தியோனின் 793இன் முதுகெலும்பு என்எச் உடன் ஹைட்ரஜன் பிணைப்புப் போடும். 4ஆம் இடத்து அனிலின், பின்னால் உள்ள குழிக்குள் நுழையும். 6, 7 இடங்களில் தொங்கும் சங்கிலிகள் வெளியே தண்ணீர்ப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். எந்த இடத்தில் என்ன போட்டால் என்ன ஆகும் என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்த வளையங்கள் குறைவு.

செய்முறையும் பயப்படுகிற மாதிரி இல்லை. டைமீத்தாக்சி ஆந்த்ரனிலிக் அமிலத்தை ஃபார்மமைடோடு சூடாக்கினால் குயினசோலினோன். பாஸ்பரஸ் ஆக்ஸிகுளோரைடில் 4-குளோரோவாக மாற்ற வேண்டும். இந்தக் கட்டத்தில் மட்டும் ஈரம் பட்டால் பழையபடி குயினசோலினோனாகத் திரும்பிவிடும். மழைக்காலத்தில் இந்த வினையைப் போட்டவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் தெரியும். கடைசியில் ஐசோபுரொப்பனாலில் அனிலினோடு ரிஃப்ளக்ஸ். ஹைட்ரோகுளோரைடு உப்பாகத் தானே இறங்கும், வடிகட்டினால் போதும்.

வடிவமைப்பு என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள இந்த வளையத்தின் கதையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. 1994இல் வந்த பிடி153035 என்ற சேர்மம் இஜிஎஃப்ஆர் நொதியைப் பிக்கோமோலார் அளவிலேயே தடுத்தது. வீரியம் மட்டும் போதுமென்றால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஜெஃபிடினிப்பின் நொதி ஐசி50 சுமார் 33 நானோமோலார், அதாவது ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியம் குறைந்தது. மருந்தானது எது? ஜெஃபிடினிப். அதைச் செய்தவர்கள் கல்லீரல் நொதிகள் எந்த இடத்தில் கடிக்கும் என்று பார்த்தார்கள். அனிலினில் இருந்த மெத்திலை எடுத்துவிட்டுக் குளோரின் வைத்தார்கள், பாராவில் ஃபுளூரின் வைத்து அடைத்தார்கள், வெளிப்பக்கம் ஒரு மார்ஃபோலின் வாலைத் தொங்கவிட்டுக் கரைதிறனைச் சரிசெய்தார்கள். உடம்புக்குள் போய்த் தாக்குப்பிடிப்பதுதான் அவர்கள் விளையாடிய ஆட்டம். நம் ஆய்வேடுகளில் அந்த ஆட்டத்துக்கு ஓர் அத்தியாயம் கூட இருப்பதில்லை.

பிறகு வந்த திருப்பம் இன்னும் முக்கியம். 2003இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த ஜெஃபிடினிப், 2004 கடைசியில் ஒரு பெரிய மருத்துவப் பரிசோதனையில் ஆயுளை நீட்டிக்கத் தவறியது. 2005இல் அங்கே பயன்பாட்டைச் சுருக்கினார்கள். ஆனால் 2004இலேயே, இந்த மருந்துக்கு வியக்கும்படி குணமான நோயாளிகளின் கட்டியில் இஜிஎஃப்ஆர் மரபணுவே மாறியிருந்தது என்று கண்டுபிடித்திருந்தார்கள். 2009இல் கிழக்காசிய நோயாளிகளிடம் நடந்த ஐபாஸ் ஆய்வு அதை உறுதிசெய்தது. திடீர்மாற்றம் உள்ளவர்களுக்கு நோய் வளரும் அபாயம் கீமோவோடு ஒப்பிட்டால் பாதியாகக் குறைந்தது. இல்லாதவர்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு ஏறியது. 2015இல் அதே அமெரிக்காவில், திடீர்மாற்றம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று மறுபடியும் அனுமதி. மூலக்கூறில் ஓர் அணு கூட மாறவில்லை. யாரிடம் சோதித்தார்கள் என்பது மாறியது.

இதைச் சொல்வதற்குக் காரணம், அதே தவறைத்தான் நாம் ஆய்வகத்தில் தினமும் செய்கிறோம். குயினசோலின் செய்து "இஜிஎஃப்ஆர் தடுப்பான்" என்று பெயர் வைத்து, ஏ549 என்ற நுரையீரல் புற்றுநோய்ச் செல்லில் சோதிக்கிறோம். ஏ549இல் இஜிஎஃப்ஆர் மாறவே இல்லை. அந்தச் செல்லை ஓட்டுவது அதற்குக் கீழே இருக்கும் கேராஸ் என்ற புரதத்தின் திடீர்மாற்றம். ஜெஃபிடினிப்புக்கே அங்கே ஐசி50 10 மைக்ரோமோலார் பக்கம்தான் வரும். எம்சிஎஃப்-7இல் இஜிஎஃப்ஆர் இருப்பதே கொஞ்சம். உங்கள் சேர்மம் இவற்றில் 5 மைக்ரோமோலார் காட்டி, "ஜெஃபிடினிப்பைவிடச் சிறந்தது" என்று நீங்கள் எழுதினால், நடந்தது ஒன்றுதான்: இஜிஎஃப்ஆர் வழியாக இல்லாமல் வேறு எதையோ கெடுத்து உங்கள் சேர்மம் செல்லைக் கொல்கிறது. இஜிஎஃப்ஆர் கதை சொல்ல வேண்டுமென்றால், 19ஆம் எக்ஸானில் துண்டு விழுந்த எச்சிசி827 செல் வேண்டும், அங்கே ஜெஃபிடினிப் நானோமோலார் அளவிலேயே வேலை செய்யும். அந்த ஏற்பியை ஏராளமாகத் தாங்கிய ஏ431 வேண்டும். ஜெஃபிடினிப்பை எதிர்த்து நிற்க வைக்கும் டி790எம் மாற்றம் உள்ள எச்1975 வேண்டும். ஒப்பிட ஏ549ஐயும் வைத்துக்கொள்ளலாம். முதலாவதில் சாய்ந்து கடைசியில் சாயாமல் நின்றால்தான் உங்கள் சேர்மம் சொன்ன வேலையைச் செய்கிறது.

இந்தச் செல்கள் உங்கள் பல்கலைக்கழகத்து விலங்கியல் துறையில் இருக்காது. கூட்டாளி தேட வேண்டும். கிடைத்தாலும் போட்டி கடுமை. டி790எம் மாற்றம் வந்தபின் குயினசோலின்களே பின்னுக்குப் போய், சிஸ்டீன் 797ஐக் கொக்கி போட்டுப் பிடிக்கும் ஒசிமெர்டினிப் 2015இல் வந்துவிட்டது. அது அனிலினோபிரிமிடின். அதற்கும் அந்தச் சிஸ்டீனையே மாற்றிக்கொண்டு கட்டி தப்பிக்கிறது. உலகமே அந்த மூன்றாவது பூட்டைத் திறக்கத் திணறிக்கொண்டிருக்கும்போது, முதல் பூட்டுக்குப் பதினாறாவது சாவி செய்வது நான்கு வருடத்துக்குரிய வேலையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிஜினெல்லி, எல்லாரும் சாதாரணமாக நினைப்பது

எம்.எஸ்சி. செய்முறைத் தேர்விலேயே வைக்கிறார்கள் என்பதால் இதற்கு மதிப்பில்லை. ஆல்டிஹைடு, எத்தில் அசிட்டோஅசிட்டேட், யூரியா அல்லது தயோயூரியா, கொஞ்சம் அமிலம். மூன்றும் ஒரே பாத்திரத்தில். 1891இலிருந்து இருக்கிறது. வினையூக்கியை மட்டும் மாற்றி மாற்றி இதில் வந்த பேப்பர்களை அடுக்கினால் ஒரு அலமாரி நிறையும்.

ஆனால் 1999இல் அமெரிக்காவில் ஒரு குழு 16,320 சேர்மங்களைச் சலித்து, செல் பிரிவை நிறுத்துவது எது என்று பார்த்தபோது கையில் கிடைத்தது ஒரு பிஜினெல்லி சேர்மம். 3-ஹைட்ராக்சிபென்சால்டிஹைடு, எத்தில் அசிட்டோஅசிட்டேட், தயோயூரியா சேர்ந்தது. மோனாஸ்ட்ரோல் என்று பெயர் வைத்தார்கள். அது டியூபுலினைத் தொடவில்லை. ஈஜி5 என்ற இயங்கு புரதத்தைத் தடுத்தது. செல் பிரியும்போது இரண்டு துருவங்களையும் எதிரெதிரே தள்ளி வைப்பது இந்த ஈஜி5. அது நின்றுபோனால் துருவங்கள் பிரியாது. நடுவில் நுண்குழல்கள் ஒரு நட்சத்திரம் போலவும், சுற்றிலும் குரோமோசோம்கள் ஒரு வளையம் போலவும் நிற்கும். மோனோ ஆஸ்டர், ஒற்றை நட்சத்திரம் என்பதே பெயருக்குக் காரணம்.

எனக்கு இந்த வளையத்தில் பிடித்தது இதுதான்: பதில் கண்ணால் தெரியும். ஹீலா என்ற கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் செல்லை ஒரு கண்ணாடித் தகட்டில் வளர்த்து, சேர்மம் கொடுத்து, சில மணி நேரம் கழித்து டியூபுலினுக்கு ஒரு நிறமும் டிஎன்ஏவுக்கு டாப்பி நீலமும் ஏற்றி ஃபுளூரசன்ஸ் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஒற்றை நட்சத்திரம் இருக்கிறதா இல்லையா. இருந்தால் எண்ணலாம்: பிரிந்துகொண்டிருக்கும் நூறு செல்லில் எத்தனை. இல்லையென்றால் உங்கள் சேர்மம் ஈஜி5இல் வேலை செய்யவில்லை, எம்டிடியில் எவ்வளவு அழகான எண் வந்திருந்தாலும் சரி. இன்னும் ஒரு வசதி, மோனாஸ்ட்ரோலைக் கழுவிவிட்டால் செல் மறுபடி இரு துருவமாகப் பிரிய ஆரம்பிக்கும். உங்கள் சேர்மத்தைக் கழுவியபின் செல் மீளவில்லை என்றால், கூடவே வேறு ஏதோ நடக்கிறது என்று சந்தேகப்படலாம்.

வீரியம் என்று பார்த்தால் மோனாஸ்ட்ரோல் பலவீனமானது. ஈஜி5இல் ஐசி50 14 மைக்ரோமோலார். மாணவருக்கு இதுவே நல்லது, மேலே போக இடம் இருக்கிறது. எத்தில் அசிட்டோஅசிட்டேட்டுக்குப் பதில் டைமெடோனை வைத்து இன்னொரு வளையத்தை ஒட்டினால் வீரியம் பலமடங்கு ஏறுவது ஏற்கெனவே காட்டப்பட்டிருக்கிறது. மோனாஸ்ட்ரோல் ஈஜி5இல் உட்கார்ந்திருக்கும் படிக அமைப்பும் பொதுவில் கிடைக்கிறது. ஏடிபி இடத்தில் இல்லாமல், பக்கத்தில் எல்5 என்ற வளைவின் கீழ் அது பதுங்கியிருக்கிறது. வடிவமைக்கத் தேவையான எல்லாம் கையில் இருக்கிறது.

சிக்கல்களையும் சொல்லிவிடுகிறேன். பிஜினெல்லியில் வருவது இரண்டு ஆடிப் பிம்பங்களும் சமமாகக் கலந்த கலவை. மோனாஸ்ட்ரோலில் எஸ் வடிவம்தான் வேலை செய்வது. இரண்டையும் பிரிக்கும் கைரல் எச்பிஎல்சி இல்லாத இடத்தில் கலவையைச் சோதித்துவிட்டு அதைக் கலவை என்றே எழுத வேண்டும். இரண்டாவது, ஒற்றை நட்சத்திரம் ஈஜி5க்கு மட்டும் உரியது அல்ல. பிஎல்கே1 கைனேஸைத் தடுத்தாலும் அதே படம் வரும். ஆகவே நல்ல ஒன்றிரண்டு சேர்மத்தையாவது ஈஜி5 நொதியோடு நேரடியாகச் சோதிக்க யாரையாவது நாட வேண்டும். மூன்றாவது, ஈஜி5 தடுப்பான்கள் இதுவரை மருந்தாகவில்லை. இஸ்பினெசிப், ஃபிலனெசிப் இரண்டும் நோயாளிகள் வரை போயும் தனியாகப் பெரிதாகப் பலன் தரவில்லை, வெள்ளணுக்கள் குறைந்தன. டிஷ்ஷில் ஒரு நாளைக்கு ஒரு தடவை பிரியும் செல்லுக்கும் மனித உடம்பில் மெதுவாக வளரும் கட்டிக்கும் உள்ள வித்தியாசம் இங்கே தெரிகிறது. இதை மறைக்காமல் முன்னுரையிலேயே எழுதிவிட்டால் வைவாவில் யாரும் மடக்க முடியாது.

கைடு சொல்லாத நான்காவது ஒன்றும் உண்டு. ஆக்சிண்டோலை ஆல்டிஹைடோடு சேர்த்து, சுனிடினிப் வழியில் போவது. செய்வது சுலபம், சரித்திரமும் உண்டு, 2006இல் அனுமதி கிடைத்த மருந்து. ஆனால் இரட்டைப் பிணைப்பின் இரு வடிவங்களும் கரைசலில் வெளிச்சம் பட்டால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், மஞ்சள் நிறமும் ஒளிர்வும் சோதனைக் கருவியைக் குழப்பும், ஒரே மூலக்கூறு பல கைனேஸ்களைத் தொடும். முதல் வருட மாணவரை அதற்குள் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

சோதனைப் பக்கம்

எம்டிடி என்பது 1983இலிருந்து வரும் முறை. உயிருள்ள செல் மஞ்சள் உப்பை ஊதாப் படிகமாக்கும்; அதைக் கரைத்து 570 நானோமீட்டரில் அளக்கிறோம். அது அளப்பது செல்லின் வளர்சிதை மாற்றத்தை, சாவை அல்ல. செல் சாகாமல் சோர்ந்து நின்றாலும் எண் இறங்கும். உங்கள் சேர்மத்துக்கே ஒடுக்கும் தன்மை இருந்தால், பிளேட்டில் செல்லே இல்லாத கிணற்றிலும் (சிறு குழியிலும்) ஊதா வரும். ஆகவே செல் போடாமல் சேர்மமும் எம்டிடியும் மட்டும் உள்ள நான்கு கிணறு எப்போதும் வையுங்கள். இதை வைத்த அட்டவணைகளை நான் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எஸ்ஆர்பி என்ற இன்னொரு முறை கொஞ்சம் மேல். டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தில் செல்லைப் பிளேட்டோடு ஒட்டி நிற்க வைத்து, மொத்தப் புரதத்துக்கு நிறமேற்றுவது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 60 செல் வரிசையில் பல பத்தாண்டுகள் இதைத்தான் பயன்படுத்தியது. முதலில் ஒரே ஒரு செறிவு, 10 மைக்ரோமோலார். அதில் தேறினால்தான் ஐந்து செறிவு. நவி மும்பை கார்கரில் உள்ள புற்றுநோய் ஆய்வு மையமான ஆக்ட்ரெக்கின் மருந்துச் சோதனைப் பிரிவும் எஸ்ஆர்பியில் செய்து தந்திருக்கிறது. தொடங்கிய நாளில் எத்தனை செல் இருந்தது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுவதால், வளர்ச்சி நின்றதா, செல் செத்ததா என்று பிரித்துச் சொல்ல முடியும். இரண்டும் எட்டும் தூரத்தில் இருந்தால் யோசிக்காமல் எஸ்ஆர்பிக்குப் போங்கள்.

எந்த முறையானாலும் செல் அதுவாக இருக்க வேண்டும். புனேயில் உள்ள தேசியச் செல் அறிவியல் மையத்திலிருந்து நேரடியாக வாங்குவது ஒன்று. பக்கத்து லேப்பில் ஒரு வயல் கேட்டு வாங்குவது இன்னொன்று. எம்டிஏ-எம்பி-435 என்ற செல்லை மார்பகப் புற்றுநோய் என்று உலகமே பல வருடம் எழுதியது. அது மெலனோமா செல். சாங் கல்லீரல் செல்லை "சாதாரணக் கல்லீரல்" என்று வைத்துக்கொண்டு, "எங்கள் சேர்மம் ஹீலாவைக் கொல்கிறது, சாதாரணச் செல்லை விட்டுவிடுகிறது" என்று அட்டவணை போட்டவர்கள் உண்டு. சாங் செல் உண்மையில் ஹீலாவேதான். ஹீலாவுக்கும் ஹீலாவுக்கும் நடுவில் தேர்வுத்திறன் கண்டுபிடித்த புண்ணியவான்கள். எச்இகே293ஐச் சாதாரணச் செல் என்பதும் அடினோவைரஸ் டிஎன்ஏ புகுத்தப்பட்டது என்பதை மறப்பதுதான்.

கரைதிறன் பற்றி ஒரு வரி. தட்டையான வளையங்கள் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரையும், ஊடகத்தில் விழுந்ததும் படிகமாக இறங்கும். 100 மைக்ரோமோலார் என்று எழுதிய கிணற்றில் உண்மையில் கரைந்திருப்பது 10 ஆக இருக்கலாம். பிளேட்டை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து ஊசி ஊசியாகத் தெரிகிறதா என்று பார்ப்பதற்குப் பணம் செலவில்லை.

மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமினைச் சொல்லாமல் இந்தப் பகுதியை விட முடியவில்லை. எந்தச் சோதனையில் போட்டாலும் வேலை செய்வது போலத் தெரியும் மூலக்கூறுகளில் அது முதல் வரிசை. புரதத்தோடு கண்டபடி ஒட்டும், ஒளிரும், ஊடகத்தில் உடையும். இரட்டை மறைப்புச் சோதனை எதிலும் அது தேறவில்லை என்று 2017இல் மருந்து வேதியியலாளர்கள் விரிவாக எழுதினார்கள். குர்குமினோடு ஹைட்ரசீன் சேர்த்துப் பைரசோல் செய்யும் திட்டம் யாராவது நீட்டினால், அம்மா வைக்கும் குழம்புக்கு அது போதும் என்று சொல்லிவிடுங்கள். அதே மாதிரி சோதனைகளை ஏமாற்றும் ரோடனின் வளையத்துக்கும் இதே பதில்.

டாக்கிங்கைக் கடைசியில் வைத்ததே அதற்கு நான் தரும் இடம். ஒரு சேர்மம் மைனஸ் 9.1 கிலோகலோரி, இன்னொன்று மைனஸ் 8.7 என்று வந்தால் முதலாவது சிறந்தது என்று எழுதுகிறோம். அறை வெப்பத்தில் பத்து மடங்கு வீரிய வித்தியாசமே சுமார் 1.4 கிலோகலோரிதான், மென்பொருளின் பிழையோ அதைவிடப் பெரியது. எந்தச் சேர்மத்தைச் செய்ய வேண்டாம் என்று முடிவெடுக்க, அதாவது குழிக்குள் நுழையவே முடியாததைத் தள்ளிவிட, செய்வதற்கு முன் டாக்கிங் பாருங்கள். செய்து முடித்துச் சோதனை எண்ணும் வந்தபின் போடும் டாக்கிங் அலங்காரம்.

என் முடிவு

அந்த ஜூனியரிடம் நான் கேட்டது இரண்டே கேள்வி. உன் வளாகத்தில் ஃபுளூரசன்ஸ் மைக்ராஸ்கோப் இருக்கிறதா? செல் வளர்ப்பவர் யாராவது எச்சிசி827ம் எச்1975ம் வைத்திருக்கிறார்களா?

முதலாவதுக்கு ஆம் என்றால் பிஜினெல்லி. தலைப்பு பழசாகத் தெரியும், சக மாணவர்கள் சிரிக்கலாம். ஆனால் மூன்றில் இதில் மட்டும்தான் முதல் ஆறு மாதத்துக்குள், சேர்மம் சொன்ன வேலையைச் செய்கிறதா இல்லையா என்று மாணவரே தன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும். முதல் இரண்டு மாதம் புதிதாக எதுவும் செய்யாமல் மோனாஸ்ட்ரோலையே செய்து, அதில் ஒற்றை நட்சத்திரத்தைப் பார்த்துவிடுங்கள். அது தெரியாத கையில் புதுச் சேர்மம் கொடுத்துப் பயனில்லை. எஸ்-டிரைட்டில்-எல்-சிஸ்டீன் என்ற இன்னொரு ஈஜி5 தடுப்பான் வாங்கக் கிடைக்கும், மோனாஸ்ட்ரோலைவிட வீரியமானது. அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவதுக்கு மட்டும் ஆம் என்றால் குயினசோலின், அதுவும் ஒரே நிபந்தனையோடு: கேள்வி "எவ்வளவு வீரியம்" என்பதாக இருக்கக் கூடாது. மாறிய இஜிஎஃப்ஆருக்கும் மாறாத இஜிஎஃப்ஆருக்கும் நடுவில் இடைவெளியைக் கூட்ட முடியுமா என்பதாக இருக்க வேண்டும். ஜெஃபிடினிப் எடுத்தவர்களுக்குத் தோலில் பரு வெடிப்பதும் வயிற்றுப்போக்கும் வருவது மாறாத ஏற்பியையும் அது தொடுவதால்தான்.

இரண்டுக்கும் இல்லை என்றால், புது வினைமுறை ஒன்றைக் கண்டுபிடிக்கும் தூய வேதியியல் ஆய்வேடாக எழுதலாம். பைரசோலினுக்கு அது பொருத்தம். தலைப்பிலிருந்து புற்றுநோயை எடுத்துவிட்டால் போதும். அதில் அவமானம் ஒன்றுமில்லை. கைடுக்கு அது பிடிக்காது என்பது வேறு விஷயம், அதைப் பேசத் தனிக் கட்டுரை வேண்டும்.

விலங்கியல் துறையில் மைக்ராஸ்கோப் இருக்கிறதாம், வாரத்தில் செவ்வாய் மட்டும் தருகிறார்களாம். டியூபுலின் ஆன்டிபாடிக்கு ஆர்டர் போட்டிருக்கிறார். முந்தாநாள் ராத்திரி மோனாஸ்ட்ரோலின் என்எம்ஆர் அனுப்பிவிட்டு, "அண்ணா, இதுல சின்னதா ஒரு பீக் தெரியுது, ஆல்டிஹைடா?" என்று கேட்டிருந்தார். ஆல்டிஹைடுதான். மறுபடி காலம் ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.